போர்ட்டிகோவில் மாப்பிள்ளையின் கார்

ஆகஸ்ட் 17, சனி

ஆவணி பிறந்துவிட்டது. தலை ஆடிக்கு அழைத்து வந்த பெண்ணை இன்று திருப்பி அனுப்ப வேண்டும். என் மனைவி கமலவேணி காலையிலேயே முறுக்குச் சுட்டு, பெரிய டப்பாவில் அடுக்கி, கூடத்தில் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். மகள் சிந்துஜா எழுந்து வந்தாள். டப்பாவைத் திறந்து இரண்டு முறுக்கை எடுத்துக்கொண்டு, "நான் போகலைம்மா" என்றாள்.

"இன்னிக்கா, நாளைக்கும் சேத்தியா?"

"போகவே இல்ல."

கமலவேணி வரிசையாகக் கேட்டாள். அடித்தாரா? இல்லை. குடிக்கிறாரா? இல்லை. வேறு யாராவது? இல்லை. மாமியார்? அவர்கள் காங்கேயத்தில் இருக்கிறார்கள், மாதம் ஒருமுறை போனில் பேசுவதோடு சரி. "ஏதாச்சும் சொன்னாரா?" என்றதற்கு மட்டும், "அவர் ஒண்ணுமே சொல்ல மாட்டாரும்மா" என்றாள். அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை, முறுக்குக்கு மட்டும்தான் திறந்தாள்.

தையில்தான் கல்யாணம் நடந்தது. நான் பம்பு கம்பெனியில் தரப்பரிசோதனையில் இருந்து ஓய்வு பெற்றவன். என்ன குறை என்று குறிப்பிடாமல் அங்கே ஒரு போல்ட்டைக்கூடத் திருப்பி அனுப்ப முடியாது. இவள் ஒரு மாப்பிள்ளையையே திருப்பி அனுப்புகிறாள்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

மாப்பிள்ளை தரணிதரனிடமிருந்து போன். அவர் இருப்பது சரவணம்பட்டியில், அடுக்குமாடி வீடு.

"மாமா, ஒரு உதவி வேணுங்க. கார்ல ஸ்பிரிங் மாத்தலாம்னு இருக்கறேன். இங்க பார்க்கிங்ல ரிப்பேர் வேலை பாக்கக் கூடாதுன்னு அசோசியேஷன்ல சொல்றாங்க. உங்க போர்ட்டிகோவுல நிறுத்திக்கலாமுங்களா?"

"அதுக்கென்னங்க மாப்பிள்ளை. தாராளமா நிறுத்துங்க."

அவரும் சிந்துஜாவைப் பற்றிக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மதியம் வந்து சேர்ந்தார். டிக்கியில் நான்கு அட்டைப்பெட்டிகள். காயிலோவர் என்கிறார். கம்பெனியில் போட்டு வரும் ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சர்பரையும் கழற்றிவிட்டு இதை மாட்டினால் காரின் உயரத்தை நாமே கூட்டலாம், குறைக்கலாமாம். குழாய் மேல் முழுக்கத் திருகு வெட்டியிருக்கிறது. அதில் இரண்டு வளையங்கள். மேல் வளையம் ஸ்பிரிங்கைத் தாங்குவது. கீழே இருப்பது பூட்டு வளையம். மேல் வளையத்தைத் திருகி உயரத்தை வைத்துவிட்டு, அது நகராமலிருக்கப் பூட்டு வளையத்தை அதோடு ஒட்ட வைத்து இறுக்க வேண்டும். வேலைப்பாடு சுத்தமாக இருந்தது.

சிந்துஜா அறையை விட்டு வெளியே வரவில்லை. அவர் பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு, காரை இங்கேயே விட்டுவிட்டுப் பஸ்ஸில் போனார். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து கொஞ்சம் கொஞ்சமாக மாட்டுவதாகத் திட்டம்.

"கார் நம்ம வீட்டுல இருக்குது" என்றாள் கமலவேணி. அவள் முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. கார் இருக்கும் வரை அவர் வருவார். அதற்குள் இவள் மனம் மாற வேண்டும். ஆவணிக்குள் அனுப்பிவிட வேண்டும், புரட்டாசியில் பெண்ணை அனுப்பக் கூடாது என்பது அவள் கணக்கு.

ஆகஸ்ட் 21, புதன்

தண்ணீர் வந்தது. தொட்டி கழுவினேன். காரின் மேல் வேப்பிலை விழுகிறது, பழைய வேட்டியைப் போட்டு மூடினேன்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

மாப்பிள்ளை எட்டு மணிக்கெல்லாம் வந்துவிட்டார். முன்பக்க இடது சக்கரத்தில் தொடங்கினோம். அவருக்கு இது முதல் தடவை. எனக்குப் பம்பு தெரியும், கார் தெரியாது. போனில் வீடியோவை ஓடவிட்டு, நிறுத்தி, பார்த்துச் செய்தோம். ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, சக்கரத்தைக் கழற்றியதும் அவர் தரையில் படுக்கப் போனார். உள்ளிருந்து கமலவேணி ஓடி வந்தாள்.

"ஏனுங்க, மாப்பிள்ளைய வெறுந்தரையில படுக்க வெக்கறீங்களா? யாராச்சும் பாத்தா என்ன சொல்லுவாங்க?"

பீரோவிலிருந்து புது பவானி ஜமக்காளத்தை எடுத்து வந்து காருக்கடியில் விரித்தாள். சீர் செய்ய வாங்கி வைத்தது. "வேண்டாமுங்க அத்தை, கிரீஸ் ஆயிரும்" என்றார். "ஆனா ஆகுதுங்க" என்றாள். அரை மணி நேரத்தில் ஆகிவிட்டது.

அடி போல்ட் இரண்டும் துருப்பிடித்துப் பிடிவாதம் பண்ணின. எண்ணெய் விட்டு, குழாய் சொருகி நெம்பி, ஒருவழியாக வந்தன. பானெட்டுக்கு அடியில் மூன்று நட்டு. கடைசி நட்டைக் கழற்றும்போது கீழே ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். நான் பிடித்துக்கொண்டேன். பழைய ஷாக் ஸ்பிரிங்கோடு கையில் வந்து விழுந்தது, நல்ல கனம். புதியதை மாட்டி அடி போல்ட்டுகளை முடுக்கும்போது அவர் ஒரு வாஷரைத் தலைகீழாகப் போட்டதைப் பார்த்தேன். மாப்பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? அவர் கை கழுவப் போனபோது கழற்றித் திருப்பிப் போட்டேன்.

அவர் திரும்பி வந்து, நான் ஒழுங்காக மாட்டாமல் விட்டிருந்த பிரேக் குழாய் கிளிப்பைப் பேசாமல் சரிசெய்ததையும் பார்த்தேன். நல்ல மரியாதை தெரிந்த பையன்.

வலது பக்கத்தையும் இன்றே முடித்துவிடலாம் என்றார். ஆனால் பதினேழாம் நம்பர் ஸ்பேனரைக் காணவில்லை. இருவரும் நெடுநேரம் தேடினோம். சட்டை மாற்ற உள்ளே போனவர் எங்கள் அறையிலும் தேடிப் பார்த்ததாகச் சொன்னார். அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பினார். போகும்போது சிந்துஜா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கவில்லை என்று பிறகு சொன்னாள்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

பதினேழாம் நம்பர் ஸ்பேனர் எங்கள் அறை பீரோவின் மேல் இருக்கிறது. அங்கே எப்படிப் போயிற்று என்று எழுத இந்தப் பக்கத்தில் இடமில்லை. சனிக்கிழமை எடுத்துப் போர்ட்டிகோவில் வைக்க வேண்டும்.

செப்டம்பர் 1, ஞாயிறு

ஸ்பேனர் "கிடைத்துவிட்டது". வலது பக்கமும் பின்பக்கம் இரண்டும் முடிந்தன. சக்கரங்களை மாட்டி இறக்கியதும் கார் அப்படியே உட்கார்ந்துவிட்டது. டயருக்கும் மேல் வளைவுக்கும் நடுவில் விரல் நுழையவில்லை. மாப்பிள்ளை தள்ளி நின்று பார்த்தார், முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

"எப்படி இருக்குதுங்க மாமா?"

"நல்லா இருக்குதுங்க."

நன்றாக இல்லை. எங்கள் வடவள்ளியில் ஒவ்வொரு தெருவிலும் அவரவர் வீட்டு வாசலில் ஒரு வேகத்தடை கட்டி வைத்திருக்கிறார்கள். இந்தக் கார் எங்கள் தெருமுனையைத் தாண்டாது. ஆனால் அவர் பணம் போட்டு வாங்கியது, ஆசையாக வைத்த உயரம்.

இன்று சிந்துஜா காபி கொண்டு வந்து பானெட்டின் மேல் வைத்துவிட்டுப் போனாள். இரண்டு டம்ளர். பேசவில்லை. கமலவேணி இதை மூன்று தடவை என்னிடம் சொல்லிவிட்டாள்.

செப்டம்பர் 3, செவ்வாய்

காலை நடை முடிந்து வந்து முன்பக்க இடதை ஜாக்கியில் தூக்கினேன். பூட்டு வளையத்தைத் தளர்த்தி, கொக்கி ஸ்பேனரால் மேல் வளையத்தைக் கொஞ்சம் ஏற்றினேன். வலது பக்கத்துக்கும் அதேபோல் செய்யப் போனேன், கமலவேணி வந்து, "மாப்பிள்ளை காருல என்ன பண்றீங்க?" என்றாள். "தூசி தட்டறேன்" என்றேன். பூட்டு வளையத்தைக் கையால் மட்டும் இறுக்கி வைத்திருக்கிறேன். எப்படியும் ஞாயிற்றுக்கிழமை அவர் எல்லாவற்றையும் சரிபார்ப்பார்.

செப்டம்பர் 7, சனி

விநாயகர் சதுர்த்தி. மாப்பிள்ளை பண்டிகைக்கு வந்திருந்தார், இரவு தங்கச் சம்மதித்தார், கூடத்தில்தான். நான் எருக்கம்பூ மாலை வாங்கக் கடைக்குப் போய்த் திரும்பியபோது அவர் கை கழுவிக்கொண்டிருந்தார். சாப்பிட்ட கை அல்ல, கறுப்பாக இருந்தது. சாயங்காலம் பார்த்தேன். இடது பக்கம் பழையபடி இறங்கியிருந்தது. பூட்டு வளையம் நான் விட்ட மாதிரியே லேசாகத்தான் இருந்தது. ஏதோ காரணத்தோடுதான் இறுக்காமல் விட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

கொழுக்கட்டை சாப்பிடும்போது பூரணம் எப்படி இருக்கிறது என்று சிந்துஜா அவரைக் கேட்டாள். ஆடியிலிருந்து அவரிடம் நேராகக் கேட்ட முதல் கேள்வி. "நல்லா இருக்குது" என்றார். அவள் முகம் அப்படியே மூடிக்கொண்டது. எனக்குக் காரணம் புரியவில்லை. நானும் நல்லா இருக்கிறது என்றுதான் சொல்லியிருப்பேன். உண்மையில் இன்றைய பூரணத்தில் ஏலக்காய் அதிகம்.

செப்டம்பர் 8, ஞாயிறு

காலையில் எல்லோரும் எழும் முன் இடது பக்கத்தை மறுபடி கொஞ்சம் ஏற்றினேன். பூட்டு வளையத்தை அவர் விட்ட மாதிரியே விட்டுவிட்டேன்.

கமலவேணியின் ஏற்பாட்டில் மருதமலைக்குக் கிளம்பினோம். காரை ஓட்டிப் பார்த்த மாதிரியும் ஆயிற்று, சாமி கும்பிட்ட மாதிரியும் ஆயிற்று என்றாள். சிந்துஜா பின்சீட்டில் ஏறிக்கொண்டாள். நான் முன்னால். கமலவேணி தலைவலி என்று வீட்டிலேயே இருந்துகொண்டாள், அவளுக்குத் தலைவலி வந்து நான் பார்த்ததில்லை.

கிளம்பியதிலிருந்தே ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுத்தது. இருவரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. பிறகு இடது பக்கம் கடகடவென்று ஒரு சத்தம். மாப்பிள்ளை பாட்டின் ஒலியைக் கொஞ்சம் கூட்டினார். அடுத்த வேகத்தடையில் கார் டொம்மென்று இறங்கியது, டயர் எங்கோ தேய்ந்து கத்தியது, வண்டி ரோட்டோரத்து மண்ணுக்கு இழுத்துக்கொண்டு போனது. ஒரு புளியமரத்துக்கு முன்னால் நின்றோம். எதிரே பஸ் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எழுத எனக்கு விருப்பமில்லை.

இறங்கிக் குனிந்து பார்த்தேன். பூட்டு வளையம் எங்கோ கீழே தனியாகத் தொங்கியது. மேல் வளையம் தானாகச் சுற்றி இறங்கியிருந்தது.

"என் தப்புங்க மாமா. நான்தான் சரியா இறுக்கல."

"இல்லைங்க மாப்பிள்ளை. நாந்தான்."

"இல்லைங்க, நாந்தானுங்க."

சிந்துஜா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "யாரு கடைசியாத் திருகினது?" என்றாள். "ரெண்டு பேருமா?" என்றாள். "அப்பா ஏத்துவாரு, நீ இறக்குவே, ஜன்னல்ல இருந்து பாத்துட்டுத்தான் இருந்தேன். அது லூசா இருந்ததை ரெண்டு பேரும் பாத்தீங்க. ஒருத்தருக்கும் வாயில வரல. அப்படித்தானே?"

அப்படித்தான். அவள் ரோட்டோரத்துக் கல்லில் உட்கார்ந்துகொண்டாள். அழவில்லை, குரலும் உயரவில்லை.

"அம்மா என்ன குறைன்னு கேட்டாங்களே, இதாம்ப்பா. நான் துணி காயப்போடுவேன். திரும்பி வந்து பாத்தா எல்லாத்தையும் எடுத்து இவன் வேற மாதிரி காயப்போட்டிருப்பான். ரசம் வெச்சா, நான் அந்தப் பக்கம் போனதும் உப்புப் போடுவான். கதவைப் பூட்டினா மறுபடி போய் பூட்டுவான். கேட்டா, ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருந்துச்சும்பான். திட்டினாக்கூட நான் திருப்பித் திட்டுவேன். நான் செய்யறதை எல்லாம் பின்னாடியே வந்து ரப்பர் வெச்சு அழிச்சா என்ன பண்றது?"

மாப்பிள்ளை கொக்கி ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "உன் மனசு நோகக் கூடாதுன்னுதான்" என்றார்.

"நொந்துருச்சு" என்றாள்.

வளையங்களை அங்கேயே ஏற்றி இறுக்கி, ஊர்ந்து ஊர்ந்து வீட்டுக்கு வந்தோம். கோயிலுக்குப் போகவில்லை. அவர் மதியச் சாப்பாட்டுக்கு நிற்காமல் பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

செப்டம்பர் 9, திங்கள்

கமலவேணியிடம் நடந்ததைச் சொன்னேன். முழுக்கக் கேட்டாள். "நீங்க மட்டும் என்னவாம்?" என்றாள்.

"நான் என்ன பண்ணினேன்?"

"காபிக்குச் சக்கரை பத்தலைன்னா என்ன பண்ணுவீங்க?"

எழுந்து போய் நானே ஒரு ஸ்பூன் போட்டுக்கொள்வேன். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். அவளுக்கு எதற்குச் சிரமம்? இதைத்தான் சொன்னேன்.

"அது தெரிஞ்சுதான் நான் ஒரு ஸ்பூன் கம்மியாப் போடறேன்" என்றாள் கமலவேணி. "மொதல்லயெல்லாம் சரியாத்தான் போட்டேன். நீங்க என்னைக் கேக்காம எந்திரிச்சுப் போனீங்க. வேணும்னே கொறைச்சேன். இன்னிக்குச் சொல்லுவீங்க, நாளைக்குச் சொல்லுவீங்கன்னு பாத்தேன். அப்புறம் அதுவே பழகிருச்சு."

அவள் பாட்டுக்கு வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது. கம்பெனியிலும் நான் அப்படித்தான். தவறாகக் கடைந்த பொருளில் சிவப்புச் சீட்டைக் கட்டிவிட்டு, கடைந்தவனைப் பார்க்காமல் நகர்ந்துவிடுவேன். சண்டை சச்சரவு இல்லாத மனிதர் என்று ஓய்வு பெற்ற அன்று பேசினார்கள்.

செப்டம்பர் 12, வியாழன்

மழை. போர்ட்டிகோவில் தண்ணீர் தெறிக்கிறது. ஜமக்காளத்தைத் துவைத்தாயிற்று, கறை போகவில்லை.

செப்டம்பர் 15, ஞாயிறு

வருவாரோ மாட்டாரோ என்றிருந்தது. வந்தார். நான்கு சக்கரத்தையும் கழற்றி எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்வதென்று ஆரம்பித்தோம். முன்பக்க இடதில் அவர் வளையத்தை இறக்கத் தொடங்கியதும் என் வாய் வழக்கம்போல் மூடிக்கொண்டது. சிரமப்பட்டுத் திறந்தேன்.

"மாப்பிள்ளை, நீங்க வெக்கற உயரம் தப்புங்க."

உள்ளே பாத்திரம் விழுந்த சத்தம். கமலவேணி.

"சரிங்க மாமா" என்றார் அவர்.

"சரின்னு சொல்லாதீங்க. தப்பில்லைன்னா ஏன் தப்பில்லைன்னு சொல்லுங்க."

ஸ்பேனரைக் கீழே வைத்தார். "கீழ இருந்தா வளைவுல வண்டி சாயாதுங்க. எனக்கு அதுதான் பிடிக்கும்" என்றார். பிறகு, "நீங்க ஒரு பக்கம் மட்டும் ஏத்தினது இதைவிடப் பெரிய தப்புங்க" என்றார்.

"தப்புத்தான். அந்த வாஷரை நீங்க தலைகீழாப் போட்டீங்க."

"நீங்க கிளிப்பையே மாட்டலீங்க."

"தெருமுனை வேகத்தடையில அடி தட்டும்."

"தட்டினா எனக்குத்தானுங்க தட்டும்." குரல் உயர்ந்துவிட்டது. "அப்புறம் மாமா, அந்தப் பதினேழாம் நம்பர் ஸ்பேனர். பீரோ மேல இருந்ததை அன்னிக்கே பாத்தேன்."

"பாத்துட்டு ஏன் சொல்லல?" என்றேன்.

"எடுத்தா வேலை முடிஞ்சிருமுங்களே" என்றார்.

கமலவேணி வெளியே வந்து, "ஏனுங்க, தெருவுக்கே கேக்குது. மாப்பிள்ளையப் போய்..." என்று என்னைப் பிடித்து இழுத்தாள். அவளுக்குப் பின்னால் படியில் சிந்துஜா உட்கார்ந்திருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியாது. சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்த மாதிரி இருந்தது, நான் நிச்சயமாகச் சொல்ல முடியாது.

கடைசியில் அவர் சொன்னதற்கும் நான் சொன்னதற்கும் நடுவில் ஒரு உயரம். இரண்டு பக்கமும் அளந்து, பூட்டு வளையங்களை அவர் இறுக்க நான் பார்த்தேன், நான் இறுக்க அவர் பார்த்தார். தெருமுனை வரை ஓட்டினோம். தட்டவில்லை. சத்தம் இல்லை.

கை கழுவிவிட்டு வந்து, "பின்பக்கம் வேணும்னா அடுத்த வாரம் இன்னொரு தடவை பாத்துக்கலாமுங்களா மாமா?" என்றார்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். எனக்குப் பயமாக இருந்தது. இந்தக் கார் வாசலைத் தாண்டினால் என் மகளுடைய கல்யாணமும் கூடவே போய்விடும் என்று தோன்றியது. ஆனாலும், "பின்பக்கத்துல ஒண்ணுமில்லைங்க மாப்பிள்ளை. கார்ல இனி ஒரு வேலையும் இல்ல" என்றேன்.

தலையை ஆட்டினார். படியைப் பார்த்தார். சிந்துஜா எழுந்து உள்ளே போயிருந்தாள். காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கமலவேணி என்னோடு பேசவில்லை.

செப்டம்பர் 17, செவ்வாய்

புரட்டாசி பிறந்தது. போர்ட்டிகோ காலியாக இருக்கிறது. பெருக்கிவிட்டேன்.

செப்டம்பர் 20, வெள்ளி

சாயங்காலம் என் போனுக்கு மாப்பிள்ளை கூப்பிட்டார்.

"மாமா, நாளைக்கு வரலாமுங்களா?"

"காருக்கு என்னங்க ஆச்சு?"

"காருக்கு ஒண்ணுமில்லைங்க." நிறுத்தினார். "சிந்துவைப் பாக்கணும்."

"அதை எங்கிட்ட எதுக்குங்க கேக்கறீங்க? அவகிட்டக் கேளுங்க" என்று வைத்துவிட்டேன். மாப்பிள்ளை பேசிக்கொண்டிருக்கும்போது போனை வைத்தது இதுதான் முதல் தடவை.

பக்கத்து அறையில் அவள் போன் அடித்தது. அடித்து நின்றது. மறுபடி அடித்தது. கமலவேணி அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"சொல்லு" என்றாள் சிந்துஜா. பிறகு, "நாளைக்கா? இங்க என்ன வேலை உனக்கு?" என்றாள்.

அவர் ஏதோ சொன்னார். நெடுநேரம் சொன்னார். இவ்வளவு பேசுவாரா என்று இருந்தது.

"ஒரு வேலையும் இல்லாமயா வர்றே?" என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திருந்தாள்.

"அப்படின்னா வா."